கற்பார்க்கு வழி வகுத்த கெமெனி

கல்வியில் முதற்படியே கடினமான படி. அப்படியில் கால் இடறி விழுவோர் பலர். விழுந்தவனைக் கண்டு, அவனுக்கு ஏறத் தெரியவில்லை என்று நகைப்பது உலக இயல்பு. படியே அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதோ என்று ஐயுற்று, அதனை அளந்து பார்த்துத் தாழ்த்தி அமைப்பவர் ஒரு சிலரே. கணிப்பொறிக் கல்வியில் அத்தகைய அரும்பணியைச் செய்தவர் ஜான் கெமெனி என்னும் கணிதப் பேரறிஞர். கணிப்பொறி சிலருக்கே உரிய பொருளாய் இருந்த காலத்தில், கல்லூரியில் பயிலும் மாணவர் அனைவருக்கும் அஃது உரியதாகல் வேண்டும் என்று எண்ணி, அவ்வெண்ணத்தைச் செயலிலும் நிறைவேற்றியவர் அவர்.

இளமை

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1926-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் கெமெனி பிறந்தார். அவருடைய பெற்றோர் யூத இனத்தவர். அக்காலத்தில் ஜெர்மனியில் இட்லரின் ஆட்சி ஓங்கி வந்தது. 1938-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியா நாட்டினுள் புகுந்தது. அண்டை வீட்டில் மூண்ட தீ தம் வீட்டையும் பற்றும் என்பதைத் தந்தையார் உணர்ந்தார். அவர் முதலில் தாம் மட்டும் அமெரிக்கா சென்றார். 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்தாரையும் அங்கே அழைத்துக்கொண்டார். பிறந்த மண்ணை விட்டு வர மறுத்த பாட்டனாரும், உறவினர் சிலரும் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர்.

நியூயார்க் நகரை அடைந்தபோது கெமெனிக்கு வயது பதின்மூன்று. நாடு புதிது, பள்ளி புதிது, பாடம் நடந்த ஆங்கிலமோ தாய்மொழி அன்று. ஆயினும், அவர் ஊக்கம் தளரவில்லை. மூன்றே ஆண்டுகளில் தம் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். அயல்மொழியில் புதிதாகக் கற்பது எத்தகைய முயற்சி என்பதைப் பிறர் சொல்லி அவர் அறிய வேண்டியதில்லை.

பதினேழு பொறிகள்

1943-ஆம் ஆண்டில் கெமெனி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் தத்துவமும் பயின்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. படிப்பு முடியும் முன்னரே அவர் படைக்கு அழைக்கப்பெற்று, அணுகுண்டு ஆக்கும் பணி மறைவாக நடந்துவந்த லாஸ் அலமோஸ் என்னும் இடத்திற்கு அனுப்பப்பட்டார். கணக்கீட்டுப் பிரிவில் அவருக்கு வேலை. அப்பிரிவுக்கு ரிச்சர்டு ஃபெயின்மன் என்னும் இளம் இயற்பியலறிஞர் தலைவராக இருந்தார்.

அங்கே இருந்தவை கணிப்பொறிகள் அல்ல. வணிக நிலையங்கள் கணக்கு எழுதுவதற்குப் பயன்படுத்திய பதினேழு பொறிகளே. துளையிட்ட அட்டைகளை ஒரு பொறியிலிருந்து எடுத்து மற்றொரு பொறியில் இடுவதற்கு ஆட்கள் இரவும் பகலும் உழைத்தனர். ஒரு கணக்கு முடியப் பல நாட்கள் சென்றன. ஆணைகளையும் எண்களைப் போலவே நினைவகத்தில் வைத்துத் தானே இயங்கும் பொறி ஒன்றை அமைக்க இயலும் என்று ஜான் வான் நியூமன் என்னும் அறிஞர் ஒரு நாள் அங்கே விளக்கினார். அவ்வுரை இளைஞர் கெமெனியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

போர் முடிந்தபின் பிரின்ஸ்டனுக்குத் திரும்பிய அவர், அலோன்சோ சர்ச் என்னும் தருக்கவியல் அறிஞரின் மேற்பார்வையில் ஆராய்ந்து, 1949-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சி மாணவராய் இருந்த காலத்திலேயே ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராகப் பணியாற்றும் பேறும் அவருக்குக் கிட்டியது.

டார்ட்மத் கல்லூரி

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்னும் சிற்றூரில் டார்ட்மத் கல்லூரி உள்ளது. 1953-ஆம் ஆண்டில், தம் இருபத்தேழாம் வயதில், கெமெனி அங்கே கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் கணிதத் துறையின் தலைவரும் ஆனார்.

அக்கல்லூரி மாணவருள் அறிவியலும் பொறியியலும் பயின்றவர் நான்கில் ஒரு பங்கினரே. ஏனையோர் வரலாறு, இலக்கியம், பொருளியல், அரசியல் முதலியவற்றைப் பயின்றனர். அவர்களுக்கும் கணிதம் பயன்படல் வேண்டும் என்று கருதிய கெமெனி, வேறு இருவருடன் சேர்ந்து, சமூகவியல் மாணவர்க்கும் ஏற்ற கணித நூல் ஒன்றை 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கணிதத்தில் தோன்றிய இவ்வெண்ணமே பின்னர்க் கணிப்பொறிக்கும் பரவியது. அரசிலும் வணிகத்திலும் பொறுப்பேற்று, கணிப்பொறிகளைப் பற்றி நாளை முடிவு செய்யப் போகின்றவர்கள் பெரும்பாலும் அறிவியல் பயிலாத மாணவர்களே. கணிப்பொறியை ஒருமுறையேனும் தம் கையால் இயக்கியறியாதவர் அதைப் பற்றி நல்ல முடிவை எவ்வாறு செய்வர்? சொற்பொழிவு கேட்டு நீந்தக் கற்றவர் எவரும் இலர். அதுபோலவே, கணிப்பொறியைப் பற்றிக் கேட்பது மட்டும் போதாது, நிரல் எழுதிப் பழகுதல் வேண்டும் என்று கெமெனி துணிந்தார். கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்களை முறைப்படுத்தி எழுதும் ஆணைத் தொகுதியே நிரல் எனப்படும்.

தடைகளை ஆராய்தல்

1956-ஆம் ஆண்டில் தாமஸ் கர்ட்ஸ் என்னும் இளைஞர் அக்கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அவரும் கெமெனியும் வாழ்நாள் முழுவதும் இணைந்து உழைத்தனர். அப்போது டார்ட்மத் கல்லூரியில் கணிப்பொறி இல்லை. ஏறத்தாழ 135 மைல் தொலைவிலிருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியையே அவர்கள் நாட வேண்டியிருந்தது. கர்ட்ஸ் இரு வாரங்களுக்கு ஒருமுறை, துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புகைவண்டி ஏறுவார். நிரலில் ஒரு காற்புள்ளி பிழைபட்டிருந்தாலும் விடை வராது. திருத்திய அட்டையை மறுமுறை பொறியில் இடுவதற்கு மேலும் இரு வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.

முதலில் கர்ட்ஸ், பொறியின் நேரம் வீணாகலாகாது என்று கருதிப் பொறிக்கு நெருங்கிய கடினமான குறியீட்டிலேயே நிரல் எழுதினார். பன்முறை முயன்றும் அது பிழையின்றி இயங்கவில்லை. பின்னர், அந்நாளில் புதிதாக வந்திருந்த ஃபோர்ட்ரான் என்னும் மொழியில் எழுதியபோது, விடை எளிதில் கிடைத்தது. பொறியின் நேரமும் மிகக் குறைவாகவே செலவாயிற்று. மனிதருக்கு எளிதாய் இருப்பதே முடிவில் பொறிக்கும் சிக்கனம் என்னும் பாடத்தை அவர்கள் கற்றனர்.

தொடங்குவோர் எங்கெங்கே தடுமாறுகின்றனர் என்பதை இருவரும் கூர்ந்து நோக்கினர். 1956-ஆம் ஆண்டிலேயே கெமெனி எளிய குறியீட்டு முறை ஒன்றை அமைத்துப் பார்த்தார். 1959-ஆம் ஆண்டில் சிறிய கணிப்பொறி ஒன்று கல்லூரிக்கு வந்தது. இளநிலை மாணவர் சிலர், ஆல்கால் என்னும் மொழி அப்பொறியில் இயங்குவதற்கு வேண்டிய நிரல்களைத் தாமே எழுதி முடித்தனர். மாணவர் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பதை ஆசிரியர்கள் இதனால் அறிந்தனர். 1962-ஆம் ஆண்டில், தொடங்குவோர்க்கென மிக மிக எளிய மொழி ஒன்றை ஒரு மாணவரின் துணையோடு கெமெனி ஆக்கினார். எளிமை அளவு கடந்தால் சிறு கணக்குக்கும் பல வரிகள் எழுத நேரும் என்பதை அம்முயற்சி காட்டியது. வென்ற முயற்சியைப் போலவே, வெல்லாத முயற்சியும் அவர்களுக்கு ஆசானாயிற்று.

இவ்வாறு ஆராய்ந்ததன் பயனாக அவர்கள் கண்ட தடைகள் இரண்டு. ஒன்று, மொழியின் கடுமை; மற்றொன்று, விடைக்காகக் காத்திருக்கும் காலத்தின் நீட்சி. எழுதிய பிழையை மறந்த பின்னர் விடை வருமானால், மாணவன் அப்பிழையிலிருந்து எதனையும் கற்கமாட்டான். ஆகவே, இரு தடைகளையும் ஒருங்கே நீக்க அவர்கள் முற்பட்டனர்.

பேசிக் மொழி

1963-ஆம் ஆண்டில் கெமெனி புதிய மொழியை அமைக்கத் தொடங்கினார். அதற்குப் பேசிக் என்று பெயரிட்டனர். தொடங்குவோர்க்கு உரிய பல்பயன் குறியீட்டு ஆணைமுறை என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது.

பேசிக் மொழியின் ஆணைகள் தொடக்கத்தில் ஏறத்தாழப் பதினைந்தே. அவையும் ஆங்கிலம் அறிந்தார் எளிதில் உணரும் சொற்கள். அச்சிடுவதற்குப் பிரிண்ட், முடிப்பதற்கு எண்டு, நிரலை இயக்குவதற்கு ரன். கணிப்பொறியைப் பயன்படுத்த வருகின்றவர் ஹலோ என்று தட்டச்சிட்டுத் தொடங்குவார். குட்பை என்று தட்டச்சிட்டு விடைபெறுவார். ஒரு செயலை 1 முதல் 10 வரை இரண்டிரண்டாகக் கூட்டித் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமானால், ஃபோர்ட்ரான் மொழியில் அம்மூன்று எண்களையும் காற்புள்ளிகளால் பிரித்து உரிய வரிசையில் எழுத வேண்டும். எந்த எண் முன், எந்த எண் பின் என்பதைத் தொடங்குவோர் மறப்பர். பேசிக் மொழியிலோ, இதிலிருந்து, இதுவரை, இத்தனை படியாக என்னும் பொருளுள்ள சொற்களே எண்களுக்கு இடையில் நிற்கும். மறதிக்கு அங்கே இடமில்லை.

கணிதம் கற்ற மாணவனை மருட்டும் இடம் மற்றொன்றும் உண்டு. எக்ஸ் என்பதும், எக்ஸுடன் ஒன்றைக் கூட்டியதும் சமம் என்று எழுதினால், இயற்கணிதப்படி அது பொய். நிரலிலோ, எக்ஸின் பழைய மதிப்போடு ஒன்றைக் கூட்டிப் புதிய மதிப்பாக வைத்துக்கொள் என்னும் ஆணை அது. இவ்வேறுபாட்டை உணராமல் தொடங்குவோர் இன்றும் தடுமாறுகின்றனர். ஆகவும் என்னும் பொருளுடைய லெட் என்னும் சொல்லை ஒவ்வொரு தடவையும் முன்னால் எழுதச் செய்து, அது சமன்பாடு அன்று, ஆணை என்பதை அம்மொழி நினைவூட்டியது.

மேலும், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. ஒரு வரி பிழையாயின், அவ்வெண்ணையிட்டு அந்த வரியை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். பிழை கண்டவிடத்துப் பொறியும் புரியாத குறியீட்டில் பேசாது, தெளிந்த சொற்களில் பிழையைச் சுட்டிக்காட்டியது.

ஒரு பொறி, பலர் பயன்

மொழி எளிதாயின் மட்டும் போதுமா? காத்திருக்கும் காலமும் குறைதல் வேண்டும் அன்றோ? ஒரு பொறியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை அதற்கு வழியாயிற்று. மாசசூசெட்ஸ் கழகத்திலிருந்த ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர் அம்முறையைக் கர்ட்ஸிடம் எடுத்துரைத்திருந்தார். பல மாணவர் தனித்தனித் தொலைத் தட்டச்சுப் பொறிகளின் முன் அமர்வர். கணிப்பொறி ஒருவர் வேலையைச் சிறிது நேரம் செய்து, உடனே அடுத்தவர் வேலைக்குத் தாவும். அதன் விரைவினால், ஒவ்வொருவரும் அப்பொறி தமக்கே பணி செய்வதாக உணர்வர்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் பொருளுதவியைக் கெமெனியும் கர்ட்ஸும் வேண்டினர். இளநிலை மாணவர்களைக் கொண்டு இத்தகைய அமைப்பை ஆக்க முடியுமா என்று ஐயுற்றவர் உண்டு. எனினும் உதவி கிடைத்தது. 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறிகள் வந்திறங்கின. மாணவர்கள் உறக்கமும் மறந்து நிரல் எழுதினர். 1964-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் விடியற்காலை நான்கு மணி. கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், கெமெனியும் ஒரு மாணவரும் அருகருகே இருந்த இரண்டு தட்டச்சுப் பொறிகளின் முன் அமர்ந்து, தத்தம் நிரலை இயக்குமாறு ஆணையிட்டனர். இருவருக்கும் சரியான விடை வந்தது. பேசிக் மொழி அன்று பிறந்தது.

அதன்பின், முதலாண்டுக் கணித வகுப்பு மாணவர்க்குச் சில விரிவுரைகளே நிகழ்த்தப்பெற்றன. எஞ்சிய கல்வி பொறியின் முன்னே நடந்தது. மாணவர் நிரல் எழுதி, இயக்கி, பிழை கண்டு, தாமே திருத்தினர். இரு வாரமாக இருந்த இடைவெளி சில நொடியாகக் குறைந்தது. மாணவர்க்குக் கட்டணம் இல்லை. இசைவுச் சீட்டும் வேண்டியதில்லை. நூலகத்தில் எவரும் நுழைந்து விரும்பிய நூலை எடுத்துப் படிப்பது போல, எவரும் கணிப்பொறியைப் பயன்படுத்தலாம் என்பது கெமெனி வகுத்த நெறி. சில ஆண்டுகளில் அக்கல்லூரி மாணவருள் பெரும்பாலோர், எத்துறையினராயினும், நிரல் எழுதக் கற்றனர். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகள் பலவும் தொலைபேசிக் கம்பி வழியாக அப்பொறியுடன் இணைக்கப்பெற்றன. லாஸ் அலமோஸில் பதினேழு பொறிகள் ஓராண்டு முழுவதும் செய்த வேலையை, டார்ட்மத் மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடும் என்று கெமெனி பிற்காலத்தில் வியந்து எழுதினார்.

புகழும் கண்டனமும்

பேசிக் மொழி கல்லூரியைக் கடந்து உலகெங்கும் பரவியது. 1975-ஆம் ஆண்டில் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்கு அம்மொழியை ஆக்கித் தந்தனர்; மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதற்பொருள் அதுவே. பின்னர் வந்த வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில் சிறுவர் முதன்முதல் கற்றதும் பேசிக் மொழியே.

கண்டனமும் எழுந்தது. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்டிரா, முதலில் பேசிக் கற்றவர் நல்ல முறையில் நிரல் எழுதும் திறனையே இழப்பர் என்று 1975-ஆம் ஆண்டில் கடிந்து எழுதினார். நிரலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரும்பியவாறு தாவச் செய்யும் ஆணை அம்மொழியில் மிகுதியாக வழங்கியது; நிரல் நீளுந்தோறும் அது சிக்குண்ட நூல்போல் ஆயிற்று. இக்குறையைக் கெமெனி மறைக்க முயலவில்லை. முன்னேற்றமடைந்த வடிவங்கள் டார்ட்மத் கல்லூரியில் தொடர்ந்து உருவாயின. சிறு கணிப்பொறிகளில் பலரும் பலவாறு மாற்றி வழங்கிய பேசிக் அவருக்கும் கர்ட்ஸுக்கும் மனநிறைவு அளிக்கவில்லை. ஆதலின், 1983-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு நிறுவனம் தொடங்கி, ஒழுங்குற அமைந்த ட்ரூ பேசிக் என்னும் வடிவத்தை வெளியிட்டனர். தாம் பெற்ற குழந்தையாயினும் திருத்த வேண்டியதைத் திருத்துதல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

கல்லூரித் தலைவர்

1970-ஆம் ஆண்டில் கெமெனி டார்ட்மத் கல்லூரியின் தலைவரானார். இரு நூற்றாண்டுகளாக ஆடவர் மட்டுமே பட்டப்படிப்புப் பயின்ற அக்கல்லூரியின் கதவுகள், 1972-ஆம் ஆண்டில் பெண்களுக்கும் திறந்தன. அமெரிக்கத் தொல்குடி மக்களின் கல்வியும் அக்கல்லூரி தொடங்கப்பெற்றதன் நோக்கங்களுள் ஒன்று. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அந்நோக்கத்தையும் அவர் புதுப்பித்தார். தலைமைப் பொறுப்பு மிகுந்திருந்தும் வகுப்பறையை அவர் துறக்கவில்லை. ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் நடத்தினார்.

அணு உலை விபத்து

1979-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு என்னும் இடத்திலுள்ள அணுமின் நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. காரணத்தை ஆராயும் குழுவுக்குக் கெமெனியைத் தலைவராகக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அமர்த்தினார்.

மூட வேண்டிய அடைப்பிதழ் ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. மூடுக என்னும் ஆணை சென்றதை மட்டுமே பலகையிலிருந்த விளக்கு காட்டியது. உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன. திகைத்த பணியாளர், உலையைக் குளிர்விக்கும் நீரையே குறைத்துவிட்டனர். பழியனைத்தையும் அவர்கள்மேல் சுமத்துவது எளிது. ஆனால் கெமெனியின் குழு அவ்வாறு செய்யவில்லை. பணியாளர் தவறியதை மறைக்காமல் கூறியதோடு, அவர்கள் பெற்ற பயிற்சியின் குறை, வழிகாட்டு முறைகளின் தெளிவின்மை, மேற்பார்வை செய்த அமைப்புகளின் போக்கு ஆகியவற்றையும் குழு எடுத்துக்காட்டியது. மனிதன் இடறியபோது, அவனிடம் தரப்பெற்ற கருவியையும் கல்வியையும் ஆராய்ந்து பார்த்த அதே கண்ணோட்டம் இங்கும் விளங்கக் காணலாம்.

நிறைவு

1981-ஆம் ஆண்டில் தலைமைப் பதவியை விட்டு இறங்கிய கெமெனி, மீண்டும் ஆசிரியப் பணியையே மேற்கொண்டார். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். அவருடன் உழைத்த கர்ட்ஸ் 2024-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இன்று பல்கலைக்கழகங்களில் தொடங்குவோர்க்குப் பேசிக் மொழி பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. வேறு மொழிகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. ஏணியால் மாடம் ஏறினவர்க்கு அவ்வேணி மறந்துபோதல் இயல்பே. ஆனால் கெமெனி எழுப்பிய வினா மறையவில்லை. மாணவன் எங்கே இடறுகிறான், ஏன் இடறுகிறான், அவன் பாதையை எவ்வாறு செப்பனிடலாம் என்று கணிப்பொறிக் கல்வி பற்றி ஆராய்வோர் இன்றும் வினவுகின்றனர். கற்பவனைப் பழிக்காது, கற்பிக்கும் முறையைச் சோதிப்பதே நல்லாசிரியர் இயல்பு. அவ்வியல்புக்கு ஜான் கெமெனியின் வாழ்க்கை ஒரு சான்று.